பழைய மாருதி 800 சிக்னலில் நின்றுபோகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

என்னுடையது 1997 மாருதி 800, கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி. பெரியப்பா ஓட்டியது, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் என் கைக்கு வந்தது. வந்த இரண்டாவது வாரமே கத்திப்பாரா மேம்பாலத்தில் இருந்து இறங்கி வேகத்தைக் குறைத்ததும் ஆஃப் ஆனது. சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பியது. அடுத்த சிக்னலில் மறுபடி ஆஃப். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால்தான் பிரச்சினை. இரண்டரை மாதம் ஒரு கால் பிரேக்கிலும் இன்னொரு கால் ரேஸ் கொடுத்துக்கொண்டுமாக ஓட்டினேன்.

அந்த இரண்டரை மாதத்தில் மூன்று பட்டறைகள். கார்புரேட்டர் கிட் மாற்றி சர்வீஸ் 2,800 ரூபாய், பெட்ரோல் பம்ப் 900, பிளக்கும் பாயிண்டும் கண்டென்சரும் 750, இக்னிஷன் காயில் 1,100. மொத்தம் 5,550. கடைசியில் குற்றவாளி யார் என்றால், மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குள் கலவை போகும் குழாயில், செருகியிருந்த ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸ். அதன் அடிப்பக்கம் வெடித்திருந்தது. புதிய துண்டு 40 ரூபாய்.

அந்த ஐயாயிரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆஃபீஸ் ஆள், அவ்வளவுதான். இதில் உள்ளதெல்லாம் கார்புரேட்டர் உள்ள 800-க்குச் சொல்வது. ஆம்னி, பழைய ஜென், பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், பாகங்கள் இருக்கும் இடம்தான் மாறும். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு இது அப்படியே பொருந்தாது. அந்த 800-இல் காற்று கசிந்தால் ஸ்லோ ஸ்பீடு (காலை எடுத்ததும் எஞ்சின் ஓடும் வேகம்) பெரும்பாலும் ஏறிக்கொள்ளும், நின்றுபோவது குறைவு.

காற்று கசிவு என்றால் என்ன என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுகிற வேகத்தில் அந்தத் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டுக்குள், பலமான வெற்றிடம் உண்டாகும். அங்கே ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். ஸ்லோவில் எஞ்சினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்தான், அதனால் இந்தத் திருட்டுக் காற்று கலவையைக் கெடுத்துவிடுகிறது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறி நிற்கிறது. ரேஸ் கொடுத்தால் தகடு திறந்து நிறையக் காற்று வரும், அதற்கு முன்னால் இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. ஓடும்போது வண்டி நன்றாக இருப்பது இதனால்தான்.

1. ஒரு வாரம் நோட்டு போடுங்கள்

பட்டறைக்குப் போய் ‘ஆஃப் ஆகுது அண்ணே’ என்று சொன்னால் அவர் கைக்கு எது முதலில் வருகிறதோ அதைக் கழற்றுவார். நான் மூன்று முறை அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் சூடா குளிரா, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுகொண்டிருந்ததா, ஏ.சி. போட்டிருந்ததா, உடனே கிளம்பியதா காத்திருக்க வேண்டியிருந்ததா. இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை அணைத்தது போல் பட்டென்று செத்தால் கரண்ட் பக்கம் பாருங்கள். காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் முனை, இக்னிஷன் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று. சூடானதும் செத்து, இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பினால் காயில் மேல் சந்தேகம் கூடும்.

இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை குலுங்கி, அப்புறம் நின்றால் பெட்ரோல் வரத்து. மே மாத வெயிலில் டிராஃபிக்கில் மட்டும் இப்படி ஆனால் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் கிளம்பும். வழியில் அகப்பட்டவர்களுக்கு இது போதும், நிரந்தரத் தீர்வு வேறு.

ஏ.சி. போட்டதும் நின்றால், ஸ்லோ ஸ்பீடை ஏற்றிவிடும் சின்ன டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். அதுவும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நின்றால், மிதியின் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டர். அதைத் தள்ளிப்போடாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

காலை எடுத்தால் நிற்பது, ஸ்லோவில் தடதடப்பது, வேகத்தில் வெண்ணெய் போல் ஓடுவது, உடனே கிளம்புவது. உங்கள் நோட்டில் இப்படி இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

2. வாங்க வேண்டியவை

வேக்குவம் கேஜ் (வெற்றிடத்தை அளக்கும் மானி) ஒன்று, ஆன்லைனில் நான் 750 ரூபாய்க்கு வாங்கினேன். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, நீண்ட குழாய் முனை உள்ளதாக, 280. ஒரு மீட்டர் தோட்டத்து ஹோஸ், டார்ச், கீழே பிடித்துப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி, மூக்கு பிளையர், பழைய துணி. எஞ்சின் வேலைக்குத் தீயணைப்பான் வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டும். அரை கிலோ டப்பா போதும்.

மொத்தம் அரை நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குங்கள். மாலை வெளிச்சத்தில் ரப்பர் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

லுங்கி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் வேண்டாம். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும்.

3. பெட்ரோலையும் கரண்டையும் முதலில் கழித்துக்கட்டுங்கள்

இதற்கு அரை மணி நேரம். பேட்டரி முனைகள் இறுக்கமா, எஞ்சினில் இருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வெடிப்போ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் பிளக் ஒயரில் நீலப் பொறி தாவுவது தெரியும். தாவினால் ஒயரை மாற்றுங்கள்.

பெட்ரோல் பக்கம் ஒரு எளிய சோதனை. வண்டி நின்ற உடனே டாங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இருபது நிமிடம் ஓடி நிற்கும் வண்டிகளில் பல இதனால்தான் நிற்கின்றன. மூடியை மாற்றினால் வேலை முடிந்தது.

இங்கே ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒற்றை ஒயரோடு ஒரு சின்ன சோலினாய்டு இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது அதில் ‘டிக்’ சத்தம் வர வேண்டும். அதற்குக் கரண்ட் போகாவிட்டால் ஸ்லோ ஸ்பீடுக்கான பெட்ரோல் வழி மூடிக்கொள்ளும். ரேஸ் கொடுத்தால் ஓடும், காலை எடுத்தால் சாகும். காற்றுக் கசிவு போலவே இருக்கும். அந்த ஒயர் கழன்று தொங்குவது சகஜம். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், என் இரண்டாவது பட்டறையும் அதில் சேர்த்தி.

4. சோக் இழுத்துப் பாருங்கள்

செலவே இல்லாத சோதனை, இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, ஸ்லோவில் தடதடக்கும்போது சோக் கம்பியை (காற்று வழியைக் குறுக்கிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) கால் பங்கு இழுங்கள்.

தடதடப்பு அடங்கி எஞ்சின் சீரானால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். காரணம் இரண்டில் ஒன்று: எங்கோ காற்று நுழைகிறது, அல்லது ஸ்லோ ஜெட் (ஸ்லோவுக்கான பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது. சோக் இழுத்ததும் மேலும் மோசமாகி, கறுப்புப் புகை வந்து நின்றால், பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையோ ஊசியோ சரியில்லை. காற்றுக் கசிவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் வண்டியில் சோக் இழுத்ததும் தையல் மிஷின் போல் ஓடியது. மூன்று பட்டறைகளில் ஒருவர்கூட அந்தக் கம்பியைத் தொடவில்லை.

5. கண்ணும் காதும்

மேனிஃபோல்டில் இருந்தும் கார்புரேட்டர் அடியில் இருந்தும் கிளம்புகிற ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் தொடர்ந்து போய், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று போகும், வால்வ் மூடியில் இருந்து எஞ்சின் புகையை இழுப்பது ஒன்று, பூஸ்டர் உள்ள மாடலில் அதற்குத் தடித்த ஒன்று, ஏ.சி. வண்டியில் இன்னும் ஒன்றிரண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். எது எங்கே செருகியிருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும், சத்தியமாக.

முனைகளை நன்றாகப் பாருங்கள். ரப்பர் நடுவில் அவ்வளவாக வெடிக்காது. உலோக முனையில் செருகியிருக்கும் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான், சூட்டில் வறண்டு, கல் போலாகி வெடிக்கும். அதுவும் அடிப்பக்கத்தில். மேலே இருந்து பார்த்தால் புத்தம் புதியது போலிருக்கும். கண்ணாடியைக் கீழே பிடிக்கச் சொன்னது அதற்காகத்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு அந்தக் காலத்து ரப்பர்களுக்கு ஆயுள் இன்னும் குறைவு. இருபது வருடத்துக்கு முன் செய்த ரப்பர் அதற்கென்று செய்தது அல்ல.

அடுத்து காது. தோட்டத்து ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பிலும் மெதுவாக நகர்த்துங்கள். இதை எனக்குக் காட்டியவர் தாம்பரம் பக்கம் மரத்தடியில் வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக். நான் போனதுமே ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினேன், ஸ்லோ ஏற்றிவிடச் சொல்லி.

“ஸ்க்ரூவத் தொடாதீங்க சார். மொதல்ல காதக் குடுங்க” என்றார்.

குனிந்து கேட்டேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, குக்கர் விசில் வருவதற்கு முன் ஆவி கசியுமே, அது போல மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’. ஹோஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் காணவில்லை. திரும்பக் கொண்டுவந்தால் அங்கேயே. அவர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார், சத்தமும் நின்றது, தடதடப்பும் நின்றது. விரலை எடுத்ததும் எஞ்சின் இரண்டு முறை குலுங்கி ஆஃப். அப்புறம் அந்தத் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். வளைக்காதவரை ஒரு கோடுதான். வளைத்தால் அரிசி நுழையும் அளவுக்குத் திறந்தது.

எல்லோருக்கும் இது காதில் கேட்காது. கசிவு மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்தால் ஹோஸ் எட்டாது. அப்போது அடுத்த இரண்டு படிகள்.

6. ஒவ்வொன்றாக அமுக்குங்கள்

எஞ்சின் ஸ்லோவில் ஓடட்டும். நிற்கப் பார்த்தால் யாரையாவது உட்கார்ந்து லேசாக ரேஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பிளையர் வாயில் துணி சுற்றி, மேனிஃபோல்டுக்கு அருகே ஒரு ஹோஸை நசுக்கிப் பிடியுங்கள். எஞ்சின் சீரானால் கசிவு அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோ இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதை விட்டு அடுத்தது. ஏற்கெனவே கல்லாகிவிட்ட ஹோஸை நசுக்கினால் உடைந்துவிடும். பரவாயில்லை, அது எப்படியும் குப்பைக்குப் போக வேண்டியது.

புகை இழுக்கும் ஹோஸை அமுக்கும்போது எஞ்சின் வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. அதைக் கசிவு என்று நினைத்துவிடாதீர்கள். அமுக்கினால் நன்றாகிறதா என்பதுதான் கேள்வி, மாறுகிறதா என்பது அல்ல.

பூஸ்டர் உள்ள வண்டியில் தனியாக ஒன்று: எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. மிதித்துப் பிடித்திருக்கும்போது காலடியில் தொடர்ந்து காற்றுச் சத்தம் கேட்டு எஞ்சினும் தடுமாறினால் உள்ளே டயஃப்ரம் போயிருக்கிறது. இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, துடைத்துவிட்டு, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. காற்று வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் ஓட்டை.

7. தெளித்துப் பாருங்கள், ஆனால் கவனம்

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் மிச்சம் இருப்பது இரண்டு இணைப்புகள். ஒன்று கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் தடித்த கறுப்புத் துண்டும் அதன் பேக்கிங்குகளும். இன்னொன்று மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங். இவற்றை அமுக்க முடியாது, தெளித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். துணி இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டில் இருக்கிறதே, அது போதும். இணைப்பின் மேல் லேசாகத் தெளித்தால் தண்ணீர் உள்ளே இழுபடும் நொடியில் எஞ்சின் சத்தம் மாறும். தண்ணீரில் தெரியாவிட்டால் கார்ப் கிளீனர். குழாய் முனையை இணைப்புக்கு அருகே வைத்து ஒரு வினாடி மட்டும் அடியுங்கள். கசிவு இருந்தால் அந்த ஸ்ப்ரேயே எரிபொருளாக உள்ளே போய் எஞ்சின் சட்டென்று சீராகும், அல்லது வேகம் ஏறும். பத்து வினாடி காத்திருந்து அதே இடத்தில் மறுபடி அடித்து உறுதி செய்யுங்கள்.

ஏர் கிளீனர் மூடி போட்டே இருக்கட்டும். திறந்து வைத்திருந்தால் ஸ்ப்ரே மேல்வழியாகப் போய், எங்கே அடித்தாலும் வேகம் ஏறும். நான் முதல் முறை இப்படிச் செய்து வண்டியில் பதினோரு ஓட்டை கண்டுபிடித்தேன்.

இது தீப்பிடிக்கும் பொருள், பக்கத்திலேயே சூடான சைலென்சர் பைப். பிளக் ஒயர் பொறி விடுகிற வண்டியில் இந்தச் சோதனையே கூடாது. மூடிய கேரேஜில் செய்யாதீர்கள். தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். ஊதுவத்திப் புகையைக் காட்டி எங்கே இழுபடுகிறது என்று பார்க்கலாம் என ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பெட்ரோல் பைப் பக்கத்தில் நெருப்பா? வேண்டவே வேண்டாம்.

8. வேக்குவம் கேஜ்

இது இல்லாமலும் கசிவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கசிவா வேறு நோயா என்று பிரித்துச் சொல்லும் கருவி இதுதான். மேனிஃபோல்டில் நேரடியாகச் செருகும் முனையில் பொருத்துங்கள். கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு மேலே இருக்கும் முனைகளில் ஸ்லோவில் உறிஞ்சல் இருக்காது. அங்கே செருகிவிட்டு முள் பூஜ்யத்தில் நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

சூடான, ஆரோக்கியமான எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும், முள் அசையாது. என் வண்டி கசிவோடு 12 காட்டியது, ஹோஸ் மாற்றியதும் 18. முள் அசையாமல், ஆனால் பல புள்ளி கீழே நின்றால் காற்றுக் கசிவு. சற்றே குறைவாக, 14, 15-இல் நின்றால் இக்னிஷன் டைமிங் தாமதமாக இருக்கலாம். சீரான இடைவெளியில் முள் டக் டக்கென்று விழுந்து எழுந்தால் வால்வ் பிரச்சினை. அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் டேப்பெட் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த எண்களெல்லாம் கடல் மட்டத்துக்கு. உயரம் 1,000 அடி ஏற ஏற ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 18 காட்டும் அதே வண்டி ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 11 காட்டினால் அது நோய் இல்லை.

9. மாற்றும்போது

பழைய துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உள் விட்டம் சரியாக இருக்க வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எனக்கு எல்லா ஹோஸும் கிளிப்பும் சேர்த்து 320 ரூபாய் ஆனது.

மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் ட்யூப் வேண்டாம். எத்தனை பழைய வண்டிகளில் அதைப் பார்த்திருக்கிறேன்! சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாகிவிடும். பெட்ரோல் ஹோஸை வேக்குவத்துக்குப் போடலாம், வேக்குவம் ஹோஸைப் பெட்ரோலுக்குப் போடக் கூடாது. பூஸ்டருக்கு மட்டும் அதற்கென்றே உள்ள தடித்த ஹோஸ்தான்.

பேக்கிங் கசிவென்றால், முதலில் கார்புரேட்டர் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் பலமாக இறுக்கினால் அடிப்பாகம் வளைந்து, இல்லாத கசிவு உண்டாகும். வளைந்துவிட்டால் லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு, அதாவது தட்டையாகச் சீவித் தருவார்கள். பேக்கிங் மேல் பட்டையாக சிலிக்கான் பூசுவதை அனுமதிக்காதீர்கள். பெட்ரோல் பட்டு அது ஊறி உரிந்து உள்ளே போகும்.

ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தண்டும் துளையும் தேய்ந்து அந்த வழியாகக் காற்று போகிறது. புஷ் போடத் தெரிந்த பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நல்ல பழைய கார்புரேட்டர் தேட வேண்டும். உண்மையில் கார்புரேட்டருக்குப் பெரிய பணம் செலவழிக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

10. ஸ்க்ரூவில் மறைக்காதீர்கள்

கசிவைத் தேடாமல் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டிவிட்டால் வண்டி நிற்காது. பத்து நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது போலிருக்கும். எனக்கும் ஒரு பட்டறையில் இதுதான் நடந்தது. மைலேஜ் 16-இல் இருந்து 11-க்கு வந்தது, பிளக்கில் கரி. ஒரு மாதத்தில் கசிவு இன்னும் பெரிதாகி மறுபடி நிற்கத் தொடங்கியது.

ஆகவே கசிவை அடைத்த பிறகு அந்த இரண்டு ஸ்க்ரூவையும் திரும்பச் சரியாக்க வேண்டும். ஹோஸ் மாற்றியதும் என் எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் கத்தியது, காரணம் அந்தப் பழைய ஏற்றம்தான். எஞ்சின் சூடாக இருக்கட்டும், ஏ.சி., விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று முதலில் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முழுக்க மூடும்போது இறுக்க வேண்டாம், முனை நசுங்கும். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தைப் பிடித்து, அதன் பின் ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். 850, 900 அளவில் நிற்கும். உங்கள் மாடலுக்கான எண் கையேட்டில் இருந்தால் அதுதான் கணக்கு.

11. புகைச் சான்றிதழும் ஆர்.சி.யும்

இதெல்லாம் முடித்த பின் புகைச் சோதனைக்குப் போங்கள், முன்னால் அல்ல. பெட்ரோல் வண்டிக்குச் சோதனை ஸ்லோவில்தான் நடக்கும். ஸ்லோவில் ஓடாத வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது வீண் அலைச்சல். 1997 போன்ற பழைய கார்களுக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் நோயைச் சொல்லும். ஹைட்ரோகார்பன் அதிகமாகவும் கார்பன் மோனாக்சைடு குறைவாகவும் வந்தால் கலவை மெலிந்து எஞ்சின் மிஸ் ஆகிறது, கசிவு மிச்சமிருக்கலாம். கார்பன் மோனாக்சைடு எகிறினால் யாரோ ஸ்க்ரூவில் மறைத்திருக்கிறார்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் ₹10,000 வரை போகலாம்.

சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்த பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஃபாரம் 25, பழைய ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், முகவரிச் சான்று ஆகியவற்றோடு வண்டியையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் ₹5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் ₹10,000. பசுமை வரி தனி. வண்டி பெரியப்பா பெயரிலேயே இருந்தால், என்னைப் போல, முதலில் ஃபாரம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடியுங்கள்.

ஆய்வு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எஞ்சின் வேலையை முடித்துவிடுங்கள். புதிய ஹோஸ் முனைகள் சூட்டில் கொஞ்சம் இளகும், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கிளிப்புகளை ஒரு முறை இறுக்க வேண்டும். அன்று காலை இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். சோக் முழுவதும் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகைச் சோதனையில் நான் முதல் முறை திரும்பி வந்தது அதை மறந்ததால்தான்.